நெருப்பை வெளியே விடாத மோட்டர்

புங்குடுதீவின் இறுப்பிட்டியிலிருந்து மாணவி ஒருவர் எழுதிய கடிதம் இவ்வாரம் எம் கைக்கு வந்தது. உயர்தர வகுப்பிலே பௌதிகவியல் பயில்பவர் என்பது அவர் வினாவும் முறையிலேயே தெரிகின்றது. கேள்வி சிறியது, ஆயினும் அதன் பின்னே நிற்கும் கவலை சிறியதன்று. ஆதலின் அவர் எழுதியவாறே அதனை ஈண்டுத் தருகின்றோம்.

"எங்கள் குஞ்சியப்பு வளைகுடா நாடொன்றில், எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையில் மின் பகுதியிலே வேலை செய்கின்றார். விடுமுறையில் வந்திருந்தபோது எங்கள் கிணற்றடி மோட்டரைக் காட்டி, 'இதை அங்கே கொண்டுபோய் வைத்து சுவிச்சைப் போட்டால் எல்லாரும் மேலே போய்விடுவோம்' என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அங்குள்ள மோட்டர்களுக்குள்ளே வெடி நிகழ்ந்தாலும் வெளியே தீ வராதாம். வெடி நிகழாமற் தடுப்பதல்லவா பாதுகாப்பு? உள்ளே வெடிக்க விடுவது எங்ஙனம் பாதுகாப்பாகும்? இந்தப் பேச்சைக் கேட்ட அப்பாச்சி அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை."

அப்பாச்சியின் நித்திரை கெட்டதிலே நியாயம் உண்டு. தீவகத்தில் எத்தனையோ இல்லங்களின் அடுப்பு, கடல் கடந்து உழைப்பவர் ஒருவரின் கையை நம்பியே எரிகின்றது. பேர்த்தியின் கேள்விக்கும் நியாயம் உண்டு. அறிவுள்ள எவரும் முதலிற் கேட்கும் கேள்வி அதுவேயாகும். இருவருக்கும் பொருந்தும் விடை ஒன்றேயாதலால், அதனை முறையாகக் காண்போம்.

கிணற்றடி மோட்டர் நமக்குப் பழக்கமான ஒரு நல்ல வேலைக்காரன். துலா மிதித்து நீர் இறைத்த காலத்தின் உழைப்பை நினைவில் வைத்திருப்போருக்கு அதன் அருமை நன்கு விளங்கும். ஆயினும் அவ்வேலைக்காரனிடம் மூன்று வழிகளில் நெருப்புப் பிறக்கலாம். முதலாவது மின்பொறி. மோட்டரைப் போடும்போதும் நிறுத்தும்போதும் சுவிச்சினுள்ளே சிறு பொறி பறக்கின்றது. தனிநிலை மின்சாரத்தில் ஓடும் மோட்டர்களிற் சிலவற்றின் உள்ளேயே, தொடக்கச் சுருளை விலக்குவதற்கென ஒரு சிறு சுவிச் உண்டு. அதுவும் பொறி விடும். கரித்துண்டுகள் உராய்ந்து மின்சாரம் ஊட்டும் மோட்டர்களிலோ பொறி ஓயாது பறக்கும். இரண்டாவது வெப்பம். சுமை மிகுந்தாலும் அச்சு இறுகி நின்றாலும் கம்பிச்சுருள் காய்ந்து, மோட்டரின் மேனியும் கொதிக்கும். மூன்றாவது உராய்வு. தாங்கி தேய்ந்து அச்சுச் சாய்ந்தால், குளிர்விக்கும் விசிறி அதன் மூடியோடு உரசிப் பொறி எழுப்பும்.

கிணற்றடியில் இவற்றால் ஊறு நேர்வது அரிது. ஏனெனில், பொறியைச் சூழ்ந்திருப்பது வெறுங் காற்று. நெருப்புக்கு மூன்று பொருள்கள் ஒன்றுகூட வேண்டும்: எரியும் பொருள், ஒட்சிசன், பற்றவைக்கும் சூடு. எரியும் பொருள் வாயுவாகவோ ஆவியாகவோ காற்றோடு உரிய அளவிற் கலந்திருப்பின், பற்றும் நெருப்பு மெல்ல எரியாது, வெடித்துப் பரவும். சுரங்கங்களில் ஊறும் மெதேன் வாயு காற்றிலே ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கு முதல் 15 பங்குவரை கலந்திருக்கும்போது வெடிக்கும். அதனிற் குறைந்தாலும் கூடினாலும் வெடியாது. ஐதரசனுக்கோ எல்லை மிக விரிந்தது: 4 பங்கு முதல் 75 பங்குவரை. அதனைப் பற்றவைக்க வேண்டிய சக்தியும் மிக அற்பம், 0.02 மில்லியூல் போதும். நைலோன் உடையைக் கழற்றும்போது தெறிக்கும் பொறியே அதற்கு மிகையாகும்.

இத்தகைய சூழல் தூரதேசத்து ஆலைகளில் மட்டுமே உள்ளதென எண்ணற்க. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் படகேறும் குறிகட்டுவான் துறை இறுப்பிட்டி இருக்கும் அதே தீவிலேதான் உள்ளது. படகொன்றின் அடித்தளத்திலே பெற்றோல் சிந்தினால், அதன் ஆவி காற்றினும் பாரமானதாகையால் மேலே எழுந்து கலையாது. அடியிலேயே தேங்கி நிற்கும். அங்கே நீரிறைக்கும் சிறு மோட்டர் ஒன்று பொறி விடுமாயின் என்ன ஆகும்? பெற்றோல் இயந்திரத்தைப் படகினுள்ளே பொருத்தியிருப்போர், இயந்திரத்தை முடுக்குமுன் நான்கு நிமிடமாவது விசிறியை ஓடவிட்டு ஆவியை வெளியேற்ற வேண்டுமென்பது கடலோடிகளிடையே நிலைபெற்ற விதி. அந்த விசிறியின் மோட்டரே பொறி விடுவதாயின் காப்பே கொலையாகிவிடும். ஆதலால் அதுவும் பொறி காக்கும் வகையினதாக இருத்தல் வேண்டும். பெற்றோல் நிலையத்திலே நாம் நாள்தோறும் காணும் பம்பியின் உள்ளும் இவ்வகைக் காப்புடைய மோட்டரே இருக்கின்றது.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். மோட்டரை வாயு புகாதபடி முற்றாக மூடிவிட்டால் என்ன?

முடியாது என்பதே விடை. மோட்டரின் அச்சு வெளியே வந்து பம்பியைச் சுழற்ற வேண்டும். சுழலும் அச்சுக்கும் நிற்கும் உறைக்கும் இடையே வெளி இருந்தே தீரும். அன்றியும், மோட்டர் மூச்சு விடும் இயல்புடையது. ஓடும்போது சூடேறி அதனுள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறுகின்றது; நிறுத்தியபின் ஆறிச் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கின்றது. வெளியிலே வாயு இருப்பின் அதுவும் உடன் புகும். ரப்பர் வளையங்கள் சில காலம் தடுக்கும். பின்னர் காய்ந்து வெடித்துப்போகும். ஆகவே, 'வாயு புகாது' என்னும் நம்பிக்கையின்மேல் மனித உயிர்களை வைக்க அறிஞர் இசையவில்லை. 'வாயு புகும், ஒருநாள் அது உள்ளே வெடிக்கவுங்கூடும், அந்நாளிலும் வெளியே நிற்பவனுக்குத் தீங்கு வரலாகாது' என்று அவர்கள் எண்ணினர். தீமை நேராதென்று நம்புவதை விட்டு, நேர்ந்தபின்னும் காக்கும் வழியைத் தேடினர்.

அவ்வழியின் வித்து 200 ஆண்டுகளுக்கு முன்னரே கிடைத்துவிட்டது. 1812ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பெலிங் என்னும் சுரங்கத்திலே மெதேன் வெடித்து 92 பேர் மாண்டனர். சுரங்கத் தொழிலாளர் கையிலேந்திய விளக்கின் சுவாலையே அக்காலத்திற் கூற்றுவனாக இருந்தது. 1815ஆம் ஆண்டு ஹம்பிரி டேவி என்னும் விஞ்ஞானி விளக்கின் சுவாலையைச் சுற்றி நுண்ணிய உலோக வலையை அமைத்தார். வாயு வலையினூடே உட்புகுந்து எரியும். ஆனால் சுவாலை வலையைக் கடந்து வெளியே வராது. வலையின் கம்பிகள் அதன் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ள, அது கடக்கும்போதே ஆறி அவிந்துவிடும். பாடசாலை ஆய்வுகூடத்தில், ஆசிரியர் முன்னிலையில், வாயு அடுப்பின் சுவாலைமேல் கம்பிவலையைத் தாழ்த்தினால் சுவாலை வலைக்குக் கீழேயே அடங்கி நிற்பதை மாணவர் காணலாம்.

மின்சாரமும் சுரங்கத்துள் இறங்கிய பின்னர், 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே, ஜெர்மனியின் கெல்சன்கிர்சன் நகரில் கார்ல் பெய்லிங் என்னும் பொறியியலாளர் இதே உண்மையை மோட்டருக்குப் பொருத்தி ஆராய்ந்தார். உறையின் இரு பகுதிகளும் பொருந்தும் இடத்தில் அகன்ற விளிம்புகளை அமைத்து, அவற்றை நெருக்கமாகப் பிணைத்தால், உள்ளே வெடித்த வாயு அவ்விளிம்புகளின் இடையே உள்ள குறுகிய நெடுவழியினூடேதான் வெளியேற வேண்டும். போகும் வழியெல்லாம் இரும்பு அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும். வெளியே வரும்போது அஃது புறத்தேயுள்ள வாயுவைப் பற்றவைக்கும் வலிமையை இழந்திருக்கும். உள்ளே எழும் அமுக்கமோ வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏழெட்டு மடங்குக்கும் உயரலாம். அதனைத் தாங்கிப் பிளவாதிருக்கவே உறை அத்துணைத் தடிப்பாக வார்க்கப்படுகின்றது. குஞ்சியப்பு கண்ட 'உள்ளே வெடித்தாலும் வெளியே தீ வராத' மோட்டர் இதுவே. இதனைச் சுவாலைகாப்பு மோட்டர் எனலாம்.

இங்கே இடைவெளியின் அளவே உயிர்நாடி. விளிம்பின் அகலம் 25 மில்லிமீற்றர் இருக்கும்போது, மெதேனின் சுவாலை கடக்க இயலாத உச்ச இடைவெளி ஆய்வுகூடத்தில் 1.14 மில்லிமீற்றர். சமையல் வாயுவிலுள்ள புரப்பேனுக்கு 0.92. எதிலீனுக்கு 0.65. ஐதரசனுக்கோ 0.29 மட்டுமே; அதாவது அப்பியாசக் கொப்பித் தாள் மூன்றினை அடுக்கிய தடிப்பு. உண்மையான மோட்டரில் அனுமதிக்கப்படும் இடைவெளி இவற்றினும் சிறியது. ஆதலின், மெதேனுக்கு நல்ல மோட்டர் ஐதரசன் உள்ள இடத்திலே காவலாகாது. எந்த வாயுவுக்கு எந்த மோட்டர் என்பதை அறிந்தே பொருத்த வேண்டும்.

ஐதரசன் நம் பக்கத்துக்கு அந்நியமான பொருளன்று. ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எரிசோடாவும் குளோரினும் ஆக்கிய காலம் முதியோருக்கு நினைவிருக்கும். போரினால் அத்தொழில் நின்றுபோயிற்று. உப்புக் கரைசலினூடே மின்சாரம் செலுத்தும்போது, அவ்விரு பொருள்களோடு ஐதரசனும் பிறக்கும் என்பது இரசாயனவியல் மாணவர் அறிந்ததே. இன்று வீடுகளிலும் படகுகளிலும் உள்ள ஈயவமில மின்கலங்களும் மின்னேற்றும்போது ஐதரசனை வெளிவிடுகின்றன. எனவே அத்தகைய மின்கலங்களைக் காற்றோட்டமில்லாத மூலையில் அடைத்து வைத்தல் தகாது.

பொறியைத் தடுத்தால் மட்டும் போதுமா? போதாது. பொறியே இல்லாமலும், காய்ந்த இரும்பின் சூட்டினாலேயே ஆவி பற்றிவிடும். காபனிருசல்பைட்டு என்னும் திரவத்தின் ஆவி ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே தானாகப் பற்றும். ஆதலின் மோட்டரின் மேனி எவ்வளவு சூடேறலாம் என்பதும் வகுக்கப்பட்டுள்ளது. 'ரி-3' என்னும் வகுப்பு 200 பாகையைக் கடவாது. 'ரி-4' 135 பாகையைக் கடவாது. 'ரி-6' 85 பாகையைக் கடவாது. சுழலவொட்டாது அச்சு இறுகிய மோட்டர் தன் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கை இழுக்கும். சில நொடிகளிலேயே அது எல்லை மீறிக் காய்ந்துவிடும். அந்நொடிகளுக்குள் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் கருவியும் உடனிருத்தல் வேண்டும்.

வேறு வழிகளும் உள. கரித்துண்டோ உட்சுவிச்சோ இல்லாத மும்மை நிலை மோட்டர் இயல்பாகவே பொறி விடாது. அதன் காவலிகளையும் இணைப்புகளையும் மேலும் உறுதியாக்கி, சூட்டையும் கட்டுப்படுத்தி, அபாயம் அருகித் தோன்றும் இடங்களில் வைப்பர். மிகப் பெரிய மோட்டர்களின் உறைக்குள்ளே தூய காற்றை ஓயாது அழுத்தி நிரப்பி, வெளிவாயு எட்டியும் பாராதபடி செய்வர். ஆலையின் நிலமும் வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வெடிவாயு எந்நேரமும் இருப்பது ஒன்று. இடையிடையே தோன்றுவது ஒன்று. அரிதாகத் தோன்றிச் சிறிது நேரமே நிற்பது மற்றொன்று. மோட்டரின் பெயர்த்தகட்டிலே 'எக்ஸ்' என்னும் குறியோடு காப்பின் வகை, வாயுவின் கூட்டம், வெப்ப வகுப்பு யாவும் பொறிக்கப்பட்டிருக்கும். குஞ்சியப்பு நாள்தோறும் படிக்கும் பாடம் அந்தச் சிறு தகடே.

இவ்விதிகள் ஏட்டிலே பிறந்தவையல்ல, பிணங்களின்மேற் பிறந்தவை. 1913ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் செங்கெனித் சுரங்கத்திலே 439 தொழிலாளர் மாண்டனர். காரணம் ஐயமற நிறுவப்படவில்லையாயினும், மின்மணியின் பொறியே பற்றவைத்திருக்கலாம் என்னும் ஐயம் வலுவாக எழுந்தது. அத்தகைய மணிகளின் பொறியை ஆராய்ந்ததன் பயனாகவே, பற்றவைக்கும் சக்தியே இல்லாதபடி மின்னோட்டத்தைக் குறைத்துவிடும் முறை வளர்ந்தது. அளவுகருவிகளுக்கு அது பெரிதும் உதவும். வலிய வேலை செய்யும் மோட்டருக்கு உதவாது. இந்தியாவில் 1958ஆம் ஆண்டு மேற்கு வங்காளத்தின் சினாகுரி சுரங்க வெடிப்பிலே 170க்கு மேற்பட்டோர் இறந்தனர். 1965ஆம் ஆண்டு மே மாதம் தோரி சுரங்கத்தில் 268 பேர் இறந்தனர். தன்பாத் நகரில் 1956இல் தோன்றிய சுரங்க ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மோட்டர்களைச் சோதிக்கும் பணியையும் ஏற்றது. இத்தகைய சோதனையில் உறையினுள்ளும் வெளியிலும் வெடிவாயுவை நிரப்பி, உள்ளே வேண்டுமென்றே வெடிக்க வைப்பர். வெளிவாயு பற்றாதிருப்பின் மட்டுமே அம்மோட்டர் தேறும். மனிதன் நிற்க வேண்டிய இடத்தில் முதலில் மோட்டரை நிறுத்திப் பரீட்சிக்கும் இம்முறை எவ்வளவு அறமானது!

ஆயினும் சோதனையிலே தேறிய மோட்டர் என்றென்றும் தேறியதாகாது. இதுவே நாம் மாணவருக்குச் சிறப்பாகச் சொல்ல விரும்புவது. உறையை இறுக்கும் மரையாணிகளில் ஒன்று தொலைந்துபோயிற்றென்று வேறொரு மெல்லிய ஆணியைப் பூட்டிவிட்டால், வெடியின் அமுக்கத்தில் விளிம்பு வாய் பிளக்கும். அழகுக்காக விளிம்பின்மேல் மைபூசினால் அளவு மாறும். உளியால் நெம்பித் திறந்து ஒரு கீறல் விழுந்தால் அக்கீறலே சுவாலைக்கு வாசலாகும். கம்பி நுழையும் துவாரத்திற்கு உரிய பூண் இல்லாது துணியைத் திணித்தால், தடித்த உறைக்குப் பொருளே இல்லை. கம்பிச்சுருள் கருகிய மோட்டரை விதியறியாத பட்டறையிலே சுற்றினால், அது ஓடும், நன்றாகவே ஓடும், ஆனால் அதன் பெயர்த்தகடு அன்று முதல் பொய் சொல்லும்.

கடற்காற்று வீசும் ஊரினருக்கு இதிலே மற்றொரு பாடமும் உண்டு. இறுப்பிட்டியில் கிணற்றடி மோட்டரின் ஆணிகள் சில ஆண்டுகளிலேயே துருவேறி இறுகிவிடுவதைக் காணாதவர் இல்லை. அதே உப்புக் காற்றுத்தான் வளைகுடாக் கரையிலும் வீசுகின்றது. மழமழப்பாகக் கடைந்த விளிம்பை அது அரித்துக் குழி தோண்டும். தாள் மூன்றின் தடிப்பைக் கணக்கிட்ட இடத்திலே துருவின் குழிக்கு இடமேது? ஆதலால் உரிய காலத்திலே திறந்து, துடைத்து, இறுகாத வகை நெய்யைப் பூசி, இடைவெளியைத் தகட்டளவியால் அளந்து, மீண்டும் எல்லா ஆணிகளையும் முறையாக இறுக்குதல் வேண்டும். யாரும் காணாத இடத்திலே செய்யப்படும் இச்சிறு வேலைதான் பெரிய ஆலையைக் காக்கின்றது.

இல்லத்தரசியருக்கும் ஒரு வார்த்தை. 2021ஆம் ஆண்டின் இறுதியிலே நம் நாட்டுச் சமையலறைகளில் எரிவாயு கசிந்து நேர்ந்த வெடிப்புகளை எவரும் மறந்திரார். சமையல் வாயுவும் பெற்றோல் ஆவியைப்போலத் தரையோடு தேங்குவது. வீட்டிலுள்ள குளிர்சாதனப் பெட்டியோ, மின்விசிறியோ, மாவரைக்கும் இயந்திரமோ சுவாலைகாப்பு உடையதன்று. எனவே வாயுவின் நாற்றம் வந்தால் எந்தச் சுவிச்சையும் போடாதீர்கள். போட்டதை நிறுத்தவும் செய்யாதீர்கள். போடும்போது எழும் பொறியைப்போலவே நிறுத்தும்போதும் பொறி எழும். தீக்குச்சி கிழிக்காது, சிலிண்டரின் வாயை அடைத்து, கதவு யன்னல்களைத் திறந்துவிட்டு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். கைப்பேசியிற் பேசுவதும் வெளியே வந்த பின்னரே.

இனி மாணவிக்கு எம் விடை. வெடியைத் தடுப்பதே முதற் காவல் என்று நீர் கூறியது சரி. ஆலையிலும் அதனையே முதலிற் செய்கின்றனர். குழாய் கசியாமற் காக்கின்றனர், காற்றோட்டம் விடுகின்றனர், பொறியும் சூடும் எழாமற் பார்க்கின்றனர். அவை யாவும் தவறும் ஒருநாள் வரக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டு, அந்த ஒருநாளுக்காக வைத்த கடைசிக் காவலே அந்தத் தடித்த உறையும் அந்த மெல்லிய இடைவெளியும். அஃது அஞ்சாமையால் செய்யப்பட்டதன்று. அச்சத்தை மறைக்காமல் அளந்து பார்த்ததால் செய்யப்பட்டது.

அப்பாச்சியிடம் இதனைச் சொல்லும். அவருடைய மகன் வேலை செய்யும் இடம் ஆபத்தற்றதென்று பொய்யுரைக்க வேண்டா; ஆபத்தை அறிந்தவர்கள் அதற்கு அணை கட்டிய இடம் என்று கூறும். அடுத்த முறை தொலைபேசியிற் பேசும்போது, 'சாப்பிட்டாயா?' என்று கேட்டபின், 'திறந்த மோட்டருக்கு எல்லா ஆணியும் பூட்டினாயா?' என்றும் ஒரு கேள்வி அவர் கேட்கட்டும். குஞ்சியப்பு சிரிப்பார். ஆயினும், அடுத்த நாள் உறையை மூடும்போது அந்தக் குரல் அவர் காதில் ஒலிக்கும். கடைசி ஆணியையும் இறுக்கிவிட்டே எழுவார்.